கடைசிப் பெயர் அவிட்டம்

அத்தையின் பெயரை நேராகச் செவ்வாய்க்கே அனுப்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது கோடகநல்லூர் சிவன் கோயிலில், அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அர்ச்சகர் அத்தையைப் பார்த்து, "பேரு, நட்சத்திரம்?" என்றார். அத்தை தன் பெயரைச் சொன்னாள். பிறகு, "அவிட்டம்" என்றாள். எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளாக இதே கேள்வி, இதே பதில். அர்ச்சகருக்கு அவளைப் பார்த்ததுமே தெரியும். ஆனாலும் கேட்காமல் மந்திரம் தொடங்கமாட்டார். கேட்டால்தான் கணக்கு.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்களோடு கல்லிடைக்குறிச்சியில் இருந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. அப்படி உட்கார்ந்தால் கட்டிக்கொள்கிறவனுக்கு ஆகாது, அதேபோலச் செவ்வாய் உட்கார்ந்த இன்னொரு ஜாதகத்தைத் தேடிப்பிடித்துச் சேர்த்தால்தான் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். கணக்கு டீச்சருக்கு இப்படி ஒரு கணக்கு. முப்பது தாண்டியும் கழியவில்லை. அதனால்தான் பஸ் மாறிச் செவ்வாய்க்குரிய இந்தக் கோயிலுக்கு வருவதும், துவரையும் சிவப்புத் துணியும் வாங்கிக் கொடுப்பதும்.

அன்று காலையில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஒரு செய்தி சொல்லியிருந்தார். அமெரிக்காவிலிருந்து அடுத்த வருஷம் செவ்வாய்க்கு ஒரு ரோவர் போகிறது. ஆறு சக்கரம் வைத்த வண்டி, தானாகவே ஓடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். கொடுத்த பெயர்களையெல்லாம் தலைமுடியைவிடச் சின்னதாக ஒரு சிலிக்கான் சில்லில் பொறித்து வண்டியில் ஒட்டி அனுப்புகிறார்கள். கட்டணம் கிடையாது.

தீபாராதனைத் தட்டு சுற்றிவந்தபோது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. இங்கே நின்று சொல்வது சிபாரிசு மாதிரி. அங்கேயே போய்ச் சொல்வதுதான் முறை. என் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். மனுவை உரிய இடத்தில் நேரில் கொடுக்காமல் நாலு பேர் கை மாற்றி அனுப்புகிறவர்களைப் பற்றி அவர் சாப்பாட்டு வேளையில் பேசாத நாளில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ரேஷன் கார்டு திருத்தம், மின்கட்டணம், பரீட்சை விண்ணப்பம், லேமினேஷன், கம்ப்யூட்டர் ஜாதகம் எல்லாம் அங்கே நடக்கும். நடத்தியவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பாளையங்கோட்டைப் பக்கத்துச் சர்ச் குடும்பம். கடைச் சுவரில் வேத வசனக் காலண்டர் தொங்கும். அதற்கு நேர்கீழே இருக்கும் கம்ப்யூட்டரில் ராசிக்கட்டமும் நவாம்சமும் அடித்துக் கொடுப்பார். "அண்ணே, ஒங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை உண்டா?" என்று ஒருமுறை கேட்டேன். "பிரிண்டருக்கு ஏது தாயி நம்பிக்கை? மை இருந்தாப் போதும்" என்றார். அத்தைதான் என்னை முதலில் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவள். வினாத்தாள்களை எங்கே கொடுத்தாலும் எழுத்து மங்கலாக வருகிறது, இங்கேதான் துல்லியமாக வருகிறது என்பது அவள் கட்சி.

மறுநாள் சாயங்காலம் போய், ஒரு பெயரைச் செவ்வாய்க்கு அனுப்பவேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தளத்தைத் தேடி எடுத்தார்.

"யார் பேரு?"

அத்தையின் பெயரைச் சொன்னேன். முதல் கட்டத்தில் ஆங்கிலத்தில் அடித்தார். இரண்டாவது கட்டம், கடைசிப் பெயர். அத்தைக்கு ஏது கடைசிப் பெயர்? எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது. முன்னால் ஒரு எழுத்து உண்டு, அது தாத்தாவுடையது. முன்னால் இருப்பதைக் கடைசி என்று எப்படிப் போடுவது? அதை அண்ணனிடமே கேட்டேன்.

"அர்ச்சனைக்கு எப்படிச் சொல்லுவாங்க?" என்றார்.

"பேரு, நட்சத்திரம்."

"அப்ப அதையே போட்டுருவோம்" என்று இரண்டாவது கட்டத்தில் அவிட்டம் என்று அடித்தார். அடுத்த கட்டம், நாடு.

"ராசிக்குக் கட்டம் இல்லியே அண்ணே?"

"அங்கன போனாக் கேட்டுக்குவாங்க தாயி."

பொத்தானை அழுத்தினார். விமானத்துக்குக் கொடுப்பதுபோல ஒரு பயணச்சீட்டு வந்தது. புறப்படும் இடம் பூமி, சேரும் இடம் செவ்வாய், பயணியின் பெயர் என்ற இடத்தில் அத்தையின் பெயரும் அவிட்டமும். அதைக் கலரில் எடுத்து லேமினேட் செய்து என் கையில் கொடுத்தார். சூடு ஆறுமுன்னே ஓடிவந்து அத்தையிடம் நீட்டினேன். அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அவிட்டம்னு ஆரு போடச் சொன்னா?" என்றாள். "அண்ணன்தான்" என்றேன். அவள் அதைத் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள்.

மறு வருஷம் ஆடியில் ரோவர் புறப்பட்டது. ஊரடங்குக் காலம். பள்ளிக்கூடம் போனுக்குள் வந்திருந்தது. அத்தையின் பழைய போன் என் படிப்புக்கென்று என்னிடம் வந்துவிட்டதால் ராக்கெட் கிளம்பியதை அதிலேயே பார்த்தேன். செவ்வாய் இப்போது இருக்கிற இடத்தைக் குறிபார்த்து அனுப்பக்கூடாது. மாசியில் அது வந்து நிற்கப்போகிற, இன்றைக்கு ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைக் குறிபார்த்து அனுப்பவேண்டும். இதை நான் வீட்டில் ஒருவர் விடாமல் நிறுத்திவைத்துச் சொன்னேன். அம்மா, "சோறு ஆறுது" என்றாள். அத்தை மட்டும், "ஒண்ணுமில்லாத எடத்தைப் பாத்தா கெளம்பும்?" என்று திருப்பிக் கேட்டாள்.

ஆவணி பிறந்ததும் பெரியப்பா வந்தார். வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏலே, வள்ளியூர்ல ஒரு எடம் வந்திருக்கு. டைல்ஸ் கடை. நாப்பத்திரெண்டு வயசு. அவனுக்கும் செவ்வாய் எட்டுல. அச்சுல வாத்த மாதிரி நம்ம புள்ளை ஜாதகமேதான். அம்பது பேருக்கு மேல கூடப்பிடாதுன்னு கவர்மெண்டே சொல்லியாச்சு. கோயில்ல வச்சுத் தாலி, வீட்டுல வச்சு எலை. இப்படி ஒரு காலம் இனி வராதுலே."

அப்பா தலையை ஆட்டினார். அப்பாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரே அந்த வருஷம் கல்யாணங்களை அவசர அவசரமாக முடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா தன் பீரோவில் பூட்டி வைத்திருந்த அத்தை ஜாதகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு நேரே தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய், முதல்தடவையாக அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அஞ்சு காப்பி எடுத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுப் படியேறியிருந்தார்.

அத்தை காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"பெரியண்ணே, ஒண்ணு கேக்கேன். அர்ச்சனைக்குப் பேர் கொடுத்துட்டு, தீபாராதனை ஆகுமுன்ன நடையை விட்டு எந்திரிச்சுப் போலாமா?"

"போகப்பிடாது. இது என்ன கேள்வி?"

"எம்பேரைச் செவ்வாய்க்குக் கொடுத்தாச்சு. இப்பம் போய்க்கிட்டு இருக்கு. மாசியிலதான் போய்ச் சேரும். அதுவரைக்கும் என்னை எழுப்பாதிய."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அலமாரியிலிருந்து பயணச்சீட்டை உரித்துக்கொண்டு ஓடிவந்தேன். பெரியப்பா அதைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து எழுத்துக்கூட்டினார்.

"ஏலே! இதுல அவிட்டம்னுலா போட்டிருக்கு!"

"ஆமா அண்ணாச்சி" என்றார் அப்பா.

"வெள்ளைக்காரன் நட்சத்திரமா கேக்கான்?"

"கேக்காமலா போட்டிருப்பான்?"

அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ராக்கெட் படம், ரோவர் படம், நான் மூச்சுவிடாமல் சொன்ன கோடிக்கணக்கான கிலோமீட்டர் எதுவும் பெரியப்பாவை அசைத்திருக்காது. அவிட்டம் அசைத்தது. பேரும் நட்சத்திரமும் கொடுத்த இடம் கோயில்தான், அது எந்த ஊரில் இருந்தால் என்ன? அங்கேயே தன் ஜோசியருக்குப் போன் போட்டார். ஜோசியர் பஞ்சாங்கம் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, சாஸ்திரத்தில் இதற்குத் தனியாக விதி இல்லை, ஆனாலும் கொடுத்த பேர் போய்ச் சேருமுன் எழுந்திருப்பது உசிதமில்லை என்றார். பெரியப்பா அதோடும் விடவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மறுபடியும் போய், "இது நெசமாவே போவுதா வே?" என்று விசாரித்தார். "நெசந்தான் அண்ணாச்சி, என் கையாலதான் அனுப்புனேன்" என்று சொல்லி, வள்ளியூர்க்காரர்களிடம் காட்டுவதற்கு ஒரு காப்பியும் எடுத்துக் கொடுத்தாராம் அண்ணன்.

வள்ளியூர் மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் மகன் பெயரையும் கூடச் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டார். பெரியப்பா என்னிடம் கேட்டார். "வண்டி போயிட்டு பெரியப்பா" என்றேன். பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் பார்க்கும் அனுதாபத்தோடு அவர் அதைப் போனில் சொன்னார்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு, பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே தொங்கத் தொடங்கியது.

எனக்கோ பொறுப்பு கூடிவிட்டது. சாயங்காலமானால் ரோவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று போனில் பார்த்து அறிவிப்பேன். அத்தை அடுத்த நாள் ஆன்லைன் பாடத்துக்குக் கூடத்தில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதிக்கொண்டே, "இன்னைக்கு எங்கன நிக்கு?" என்பாள். "நிக்கல அத்தை, போவுது." "சரிட்டி, எங்கன போவுது?" பாதி வழி தாண்டிய அன்று நான் குதித்தேன். அவள், "அதுக்குள்ளயா?" என்றாள். எந்த வண்டியும் மெதுவாகப் போகிறது என்றுதான் எல்லோரும் குறைப்படுவார்கள். அத்தை ஒருத்திதான் இது வேகமாகப் போகிறது என்று வருத்தப்பட்டவள்.

ஜெராக்ஸ் கடை அண்ணனும் கேட்பார். ரோவர் படங்களைப் பிரிண்ட் எடுக்கப் போகும்போதெல்லாம், "வீட்டுல என்ன சொல்லுதாங்க தாயி?" என்பார். நான் பாதைத் திருத்தம் எப்போது நடந்தது, எரிபொருள் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்று விளக்கமாகச் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற?" என்பார். இப்படி ஆர்வமுள்ள ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

ஐப்பசியில் செவ்வாய் கிழக்கே, விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குச் செக்கச்செவேல் என்று எழுந்து வந்தது. அந்த வருஷம் அது பூமிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பேரைக் கொடுத்ததும் நேர்லயே வந்துட்டான் பாரு" என்றாள்.

கார்த்திகையில்தான் எனக்கு வெற்றி வந்தது, அல்லது வந்ததாக நினைத்தேன். மொட்டைமாடியில் பக்கத்து வீட்டார் காயவைத்திருந்த அப்பளத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். ரோவர் இறங்கப்போகிற இடத்தை மேலே சுற்றும் விண்கலம் எடுத்த படம் ஒன்று போனில் வந்திருந்தது. காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"எந்த ஊரு சர்வேட்டி இது?"

"செவ்வாய்ப்பா. ரோவர் எறங்கப்போற எடம்."

"வெளாடாத. இது ஆத்து வாய்லா? இந்தா, இங்கன தண்ணி வந்திருக்கு. இங்கன வந்து விரிஞ்சிருக்கு. இதெல்லாம் வண்டல். சீவலப்பேரியில நம்ம வயலுக்கு மேக்க மூணு தண்ணியும் சேருத எடத்துல மணல் இப்படித்தான் வெரல் விரிச்சுக் கெடக்கும்."

சீவலப்பேரி வயல் நான் பிறக்குமுன்னே கைமாறிப்போனது. ஆனால் அதன் வரப்பு ஒவ்வொன்றும் அப்பாவுக்கு நினைவிருந்தது.

"ஆறுதாம்ப்பா. ரொம்ப காலத்துக்கு முன்ன. இப்பம் ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. துருப்பிடிச்ச மண்ணு. அதான் செவப்பு."

"ஆளு இருக்கா?"

"கெடையாது."

"வெளைச்சல்?"

"ம்ஹும்."

"யாரு பேருல பட்டா?"

"யாரு பேருலயும் இல்லப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். இருபத்தைந்து வருஷ தாலுகா ஆபீஸ் அனுபவம் அவர் முகத்தில் ஏறியது.

"அப்பம் இது நீர்வழிப் புறம்போக்கு."

கொஞ்சநேரம் தலைக்கு மேலே இருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லிய குரலில், யாரிடமோ புகார் சொல்வதுபோலச் சொன்னார்: "ஒரு புறம்போக்குக்குப் பயந்துக்கிட்டா எந்தங்கச்சியை இத்தனை வருசம் உக்கார வச்சிருக்கோம்?"

மாடியிலிருந்தே பெரியப்பாவுக்குப் போன் போனது. தோஷம் கீஷம் ஒன்றும் இனிமேல் பார்க்க வேண்டாம். வள்ளியூர்க்காரனுக்கு நாற்பத்திரண்டு வயது, அவன் வேண்டாம். தென்காசியில் ஓர் இன்ஜினீயர் ஜாதகம் வந்து, செவ்வாய் இல்லை என்று திருப்பி அனுப்பினோமே, அதைக் கேளுங்கள். தை முதல் முகூர்த்தம். பெரியப்பா மறுபக்கத்தில் என்னென்னவோ கத்தினார். அப்பா, "அண்ணாச்சி, நான் படத்தைப் பாத்துட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அறிவியல் வென்றுவிட்டது. என்னால், என் போனால். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய் அத்தையிடம் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். மைக்கை அணைத்தாள்.

"ஏட்டி, அப்பாட்டப் படம் காட்டச் சொல்லி ஒன்னை ஆரு கேட்டா?"

"அத்தை, தோஷமே கெடையாதுன்னு அப்பாவே..."

"இருந்தா ஒனக்கென்ன, இல்லாட்டா ஒனக்கென்ன? போ."

மறுபடியும் மைக்கைப் போட்டு, கோட்டுக்கு மேல் மூன்று, கோட்டுக்குக் கீழ் நாலு என்று போய்விட்டாள். நாலைந்து நாள் என்னிடம் பேசவில்லை. ரோவர் எங்கே போகிறது என்றும் கேட்கவில்லை. முதுகிலிருந்து சுமையை இறக்கிவிட்டவளை யாராவது கோபித்துக்கொள்வார்களா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பெரியவர்களுக்குப் பழகிப்போன மூடநம்பிக்கையை விட மனசு வராது என்று முடிவு செய்து, அவளை மன்னித்தேன்.

அப்பாவைத் தடுத்தது அம்மாதான். தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒங்களுக்கு நம்பிக்கை போயிட்டுன்னா போட்டும். அவ கொடுத்த பேரு போகலல்லா? அது பைய போய்ச் சேரட்டும். நடுவுல எழுப்புதது நல்லால்ல." அப்பா, அது புறம்போக்கு என்று மறுபடியும் தொடங்கினார். "புறம்போக்குல குடியிருக்கவனை எழுப்பணும்னாலும் நோட்டீஸ் கொடுத்துத் தவணை சொல்லித்தான் எழுப்புவிய" என்றாள் அம்மா. அப்பா தோசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தவணை மாசி என்றே நின்றது. தென்காசி ஜாதகம் பெரியப்பா பையில் காத்திருந்தது.

பொங்கல் கழிந்து ஒருநாள், பேசாமல் இருந்ததையெல்லாம் மறந்தவளாக அத்தை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, ரோவர் எப்படித்தான் இறங்கும் என்று கேட்டாள். வண்டல் வண்டலாகத் தேக்கி வைத்திருந்த என் அறிவெல்லாம் மடை திறந்தது. வெப்பக் கவசம், பாராசூட், கயிற்றில் கட்டித் தரையில் வைப்பது எல்லாம் சொன்னேன். கடைசியில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொன்னேன்.

"அங்கன இருந்து சிக்னல் இங்கன வந்து சேர பதினோரு நிமிசம் ஆகும் அத்தை. எறங்கதுக்கு ஏழு நிமிசந்தான். அதனால, 'எறங்க ஆரம்பிச்சிட்டு'ன்னு நமக்குச் செய்தி வரும்போதே அங்கன எல்லாம் முடிஞ்சிருக்கும். நல்லா எறங்கியிருக்கும், இல்லாட்டா ஒடைஞ்சு கெடக்கும். நமக்குத்தான் தெரியாது."

அத்தை பேனாவை மூடினாள். "நாம பதறிக்கிட்டு உக்காந்திருக்கும்போதே அது முடிஞ்சுபோன சங்கதியா?"

"ஆமா."

"நடுவுல வேண்டாம்னு தோணுனா இங்கன இருந்து நிறுத்த ஏலாதா?"

"ஏலாது. நாம சொல்லுதது போய்ச் சேரதுக்குள்ள..."

"அப்பம் ஆருட்டயும் கேக்காம அதுவா எறங்கணும்."

"அதுவாத்தான் எறங்கணும்."

அத்தை சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். என் பின்னலைப் பிடித்து இழுத்து, "நல்லாத்தாம்ட்டி செஞ்சிருக்கானுவ" என்றாள். பொறியியலைப் பாராட்டுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாசியில் ரோவர் இறங்கியபோது இங்கே நடுச்சாமம். ஏழு மாதம் அதன் கூடவே போன நான், இறங்குகிற நேரத்தில் தூங்கிப்போனேன். காலையில் அம்மா, "ஏட்டி, ஒன் வண்டி எறங்கிட்டாம்" என்று உலுக்கினாள். போனை எடுத்தேன். முதல் படம் வந்திருந்தது. கறுப்பு வெள்ளையில், தூசி படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தது மாதிரி ஒரு தரை. படத்தின் மேலேயே வண்டியின் நிழல். அத்தையிடம் காட்டக் கூடத்துக்கு ஓடினேன்.

பெரியப்பா முதல் பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அத்தை குளித்து, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சாதாரணப் பருத்திச் சேலையில் நின்றாள். காலருகில் ஒரு பை.

"பெரியண்ணே, எறங்கிட்டு."

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். தீபாராதனை ஆச்சு. அப்பம் இனி பேசுவமா?"

"பேசதுக்கு ஒண்ணுமில்ல. முடிஞ்சிட்டு."

"என்ன முடிஞ்சிட்டு?"

அத்தை லேமினேட் செய்த ஒரு தாளை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா கிளார்க். முதலில் முத்திரையைப் பார்த்தார், பிறகு கையெழுத்தை, பிறகு எண்ணை. பெயர்களுக்குக் கடைசியாகத்தான் வந்தார். வந்ததும் திரும்பப் போய்த் தேதியைப் பார்த்தார்.

"தையிலயே பதிஞ்சிருக்கு" என்றார், காற்றைப் பார்த்து.

அதற்கும் முந்தைய மாதம் முழுக்க, இந்தப் பதிவுத் திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்ற அறிவிப்பு, இருவர் பெயரோடும், சார்பதிவாளர் ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பலகை அப்பாவின் ஆபீஸ் வளாகத்திலேயே, அவர் தினமும் டீக்குப் போகிற வழியில் இருந்தது. ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் அறிவிப்புப் பலகையைப் படிப்பதில்லை. அது பொதுமக்களுக்கானது.

"ஆருலே?" என்றார் பெரியப்பா.

"ஜெராக்ஸ் கடை" என்றாள் அத்தை.

"நம்ம ஜாதகத்தை அடிச்ச பயலா?" பெரியப்பா எழுந்துவிட்டார். சாதி, சர்ச், ஊர் எல்லாம் அவர் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், கடைசியில், "அவன் ஜாதகம் எங்க?" என்று கேட்டார்.

"அவுகளுக்கு ஜாதகம் கெடையாது பெரியண்ணே."

"கெடையாதா?"

"எழுதவே இல்லையாம்."

பெரியப்பா மறுபடியும் உட்கார்ந்தார். சர்ச்சைக்கூட அவர் எப்படியாவது திட்டித் தீர்த்திருப்பார். செவ்வாய் எந்த வீட்டிலும் உட்காராத ஒரு மனுஷனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்பா சத்தம் போடவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தார். "எறங்குன எடத்துலயே இருந்துக்கோ" என்றார்.

அத்தை பையை எடுத்தாள். அதை அடுக்கிக் கட்டியது அம்மாவின் கை என்று முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வாசலில் நான் போனோடு நின்றேன். அந்த நேரத்திலும் படத்தைக் காட்டவேண்டும் என்றுதான் எனக்கு. அத்தை நின்று, போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, நிழலைப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஐந்து வருஷம் ஆகிறது. அவர்கள் வெகுதூரம் ஒன்றும் போகவில்லை. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு, தெருமுனையில் அதே கடை. அப்பா ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கவேண்டுமென்றாலும் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறார். கடை வாசலைத் தாண்டும்போது மட்டும் அவருக்கு எதிர்ச்சுவரில் ஏதோ படிக்கக் கிடைத்துவிடும். நானும் அம்மாவும் தண்டவாளம் தாண்டிப் போய்வருவது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல இருக்கத் தெரியும். அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் பயணச்சீட்டு ஒட்டியிருந்த இடம் வெளிறி நிற்கிறது.

ரோவர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த வறண்ட ஆற்றுவாயில் ஏறி இறங்கி, கல்லைக் குடைந்து சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்துவைக்கிறது. சிலவற்றைத் தரையிலேயே வரிசையாகப் போட்டுவிட்டும் போயிருக்கிறது, என்றைக்காவது யாராவது வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. எப்படிப் போய் எடுப்பது என்று இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் தயாராக இருக்கிறது, போகத்தான் ஆள் இல்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டேன். இயற்பியலுக்கு விண்ணப்பம் போடவேண்டும். எல்லாம் ஆன்லைன். அப்பாவின் போனுக்கு ஓடிபி வரும், வந்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். எனவே, விண்ணப்பம் அடிக்கிற இடத்தில் அப்பா பக்கத்தில் நின்றாகவேண்டும். பக்கத்து ஊர்க் கடையில் நெட் வேலை செய்யவில்லை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போயேன் என்றாள் அம்மா. வேண்டாம் என்றுவிட்டேன். திங்கட்கிழமை காலை, தெருமுனைக் கடைக்குத்தான் போகிறோம் என்று சொல்லியே கூப்பிடப்போகிறேன். வாசல்வரை வந்து திரும்பினாலும் சரி, அதற்கடுத்த திங்கட்கிழமை இருக்கிறது.

உள்ளே வந்துவிட்டால் மாமா விண்ணப்பத்தைத் திறப்பார். இப்போது அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அதிலும் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அப்பாவைப் பார்த்து, என்ன போடட்டும் என்று கேட்பார். கேட்டே ஆகவேண்டும்.

அத்தையின் பெயரை அனுப்பிய அன்று, என்ன நட்சத்திரம் என்று அவர் கேட்கவில்லை. யார் பேரு என்றார், அத்தையின் பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான். அவிட்டம் என்று நான் வாய் திறக்கவே இல்லை. பெரியப்பாவின் பீரோவிலிருந்து ஜாதகம் அந்தக் கடைக்குப் போனது அதற்கு அடுத்த வருஷம். ராசிக்குக் கட்டம் இல்லையே என்ற கவலையில் நான் அதைக் கவனிக்கவில்லை.